மூன்றாவது ராடு

டிசம்பரில் கொட்டகைக்குள் ஸ்பானர் விரலோடு ஒட்டிக்கொண்டது.
கொஞ்சம் தோலைக் கொடுத்துத்தான் மீட்டேன்.
அன்றைக்கே எஞ்சினைச் சமையலறைக்குக் கொண்டுவந்தோம்.
மைத்துனன் எசென் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
கதவு நிலையில் இன்னும் இருக்கிறது
சங்கிலி கடித்த தடம்.

நரினில் குளிர்காலம் ஐந்து மாதம்.
என்னைவிட இரண்டு வயது இளைய உவாஸ் ஜீப்
பானட் திறந்தபடி முற்றத்தில் நின்றது.
எஞ்சின் இருந்த குழியில்
பனி விழுந்துகொண்டே இருந்தது.

துர்சுனை ஒன்றும் சொல்லவில்லை.
மாவு பிசையும் பலகையை மட்டும் ஜன்னலோரம் நகர்த்தினாள்.
ஜனவரி முழுக்க ரொட்டியில் மண்ணெண்ணெய் வாசம்.
வந்தவர் யாரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை.

ஆயில் சட்டியைக் கழற்றி
மூன்றாவது ராடின் மூடியைத் திறந்தேன்.
பேரிங் இருக்கவேண்டிய இடத்தில்
தோல்.
இரண்டு விரல் நீளம், எண்ணெயில் வெந்து கருகியது.
ஓரத்தில் ஒரு ஓட்டை,
ஓட்டையைச் சுற்றிப் பித்தளை வளையம்.

என் பெல்ட்.
எசென்தான் எடுத்தான் என்று
ஒரு மாதம் அவனோடு பேசாமலிருந்தேன்.
எஞ்சினைத் தூக்க ஆள் வேண்டியிருந்ததால்
மன்னித்தேன்.

"இது?"
உருளைக்கிழங்குத் தோல் அவள் கத்தியிலிருந்து
சுருள் சுருளாய் இறங்கிக்கொண்டிருந்தது. அறுபடவில்லை.
"உன்னுடையதுதான். உன் கால்சட்டையைப் போட்டிருந்தேன்.
குளிருக்கு."

அக்டோபர் கடைசி ஞாயிறு.
அத்பாஷியில் அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றாள்.
போகவில்லை.
சொங்கோல் ஏரி உறைவதைப் பார்க்கப் போயிருக்கிறாள்,
தனியாக.
கரையிலிருந்து நடுவுக்கு மூடிக்கொண்டே போகுமாம்.
ஒரு சத்தம் வருமாம்.
என்ன சத்தம் என்றேன்.
கத்தியை நிறுத்தி யோசித்தாள்.
பிறகு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

திரும்பும்போது கணவாய்க்குக் கீழே
எஞ்சின் தட்டத் தொடங்கியிருக்கிறது.
இருட்டு. சிக்னல் இல்லை.
போர்வையை விரித்து வண்டிக்கடியில் படுத்து,
எண்ணெயைப் பால் வாளியில் பிடித்து,
டார்ச்சைப் பல்லில் கடித்து,
பெல்ட்டை அறுத்து வைத்து மூடி,
முதல் கியரிலேயே
விடியும்வரை.

"யார் சொல்லிக்கொடுத்தது?"
"நீதான். உன் பட்டாளத்துக் கதை.
கல்யாண வீட்டில் குடித்துவிட்டுச் சொன்னாய்.
சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்,
இதையெல்லாம் எவன் செய்வான் என்று."

எனக்குக் கோபம் வந்தது.
யார்மேல் என்று தேடினேன்,
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானரைத் தேடுவதுபோல்,
பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி.
அதற்குள் சூப் ஆறிவிடும் என்றாள்.

கிராங்க்கைக் கடைசலுக்குப் பிஷ்கெக் அனுப்பினோம்.
போர்வையில் சுற்றி வேனில் வைத்ததற்கு
ஒரு சீட்டுக் காசு கேட்டான் டிரைவர்.
பக்கத்து சீட்டுப் பெண்
வழிநெடுக அதன்மேல் சாய்ந்து தூங்கினாளாம்.

மார்ச்சில் புது லைனர், புது ரிங், புது பேரிங்.
வால்வு இடைவெளியை அவள்தான் வைத்தாள்.
கேஜ் தகட்டைச் செருகி, கண்ணை மூடி,
அது இழுபடும் விதத்தைக் கேட்டாள்.
நான் பிறகு அளந்து பார்த்தேன்.
இரண்டு முறை அளந்தேன்.
எட்டில் ஒன்றுகூடத் தப்பில்லை.

ஏப்ரலில் சாவியைத் திருப்பியபோது
முதலில் ஒன்றுமில்லை.
அடுத்தும் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு இருமல், வேலிவரைக்கும் நீலப் புகை,
பக்கத்து வீட்டு நாய் சங்கிலியோடு ஓடியது.
ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று.
இந்த எஞ்சின் இப்படித்தான் எண்ணும்.
அவள் டிரைவர் சீட்டில் இருந்தாள்.
இறங்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மீதி பெல்ட் அந்த சீட்டுக்கடியில் கிடந்தது, கொக்கியோடு.
இரண்டு விரல் நீளத்தில் மூன்று துண்டு வெட்டினேன்.
டூல் பெட்டியில்
டார்ச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
கொக்கியை எசெனிடம் கொடுத்தேன்.

எதற்கு என்றான்.